ஊதாங்குழலும் ஆக்சிஜன் குழாயும்: அம்மாவின் மூச்சை வாசித்தல்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. முதுகலை வகுப்பில் இதை நடத்தும்போது, நகையிலும் அழுகையிலும் உவகையிலும் மாணவிகள் கேட்கும் கேள்விகளில் பாதிகூட இளிவரலில் வருவதில்லை. தேர்வுக்காக நான்கு பெயர்களையும் மனப்பாடம் செய்துகொண்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் நின்று கேட்க வேண்டிய இடம் அது. மூப்பும் பிணியும் கண்டு யாருக்கு இளிவரல் தோன்றுகிறது? உரையாசிரியர்கள் ஒவ்வொரு மெய்ப்பாட்டையும் தன்னிடம் தோன்றுவது, பிறரிடம் தோன்றுவது என்று பிரித்துக் காட்டுகிறார்கள். அதாவது நோயுற்றவர் தன்னைக் கண்டு கூசலாம். அவரைப் பார்ப்பவர் கூசலாம். இந்த இருவருக்கும் நடுவே இன்னொருத்தி இருக்கிறாள். சளிப் பாத்திரத்தைக் கழுவுகிறவள். முதுகைத் தடவிக்கொண்டே மணியைப் பார்க்கிறவள். அவளுடைய மெய்ப்பாட்டுக்கு நம்மிடம் பெயர் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த இன்னொருத்தியைத் தேடும் வாசிப்பு. இலக்கியப் பிரதிகளோடு மருத்துவச் சீட்டு, கேள்வித்தாள், சட்டம் ஆகியவற்றையும் பிரதிகளாகவே எடுத்துக்கொள்கிறேன். பெண்களின் வாழ்க்கை அதிகமாக எழுதப்படுவதும் அதிகமாக அழிக்கப்படுவதும் இத்தகைய தாள்களில்தான்.

எங்கிருந்து வாசிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு 71 வயது. நீலகிரி மாவட்டம், கூடலூர் வட்டம், ஸ்ரீமதுரையில் இருக்கிறார். ஒன்பது ஆண்டுகளாக நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே ஆக்சிஜன். நான் கோவையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை மலையேறி, ஞாயிறு இரவு இறங்குகிறேன்.

கதையாகும் இருமல், கதையாகாத இளைப்பு

நெஞ்சு நோய்களில் நம் கதைகளுக்குப் பிடித்தது காசநோய். க்ஷயம், எலும்புருக்கி என்று பெயர்களிலேயே நாடகம் உண்டு. இருமல், கைக்குட்டையில் இரத்தம், அழகான முகம், இளவயது மரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா காசநோய்க்குப் பூட்டிய இந்த அலங்காரங்களைச் சூசன் சொன்டாக் 1978-இல் நோயும் உருவகமும் பற்றிய தன் நூலில் கழற்றிக் காட்டினார். தமிழில் அந்த வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. 

1961-இல் வந்த ‘பாலும் பழமும்’ படத்தை எடுத்துக்கொள்வோம். செவிலியான மனைவிக்குக் காசநோய் வருகிறது. டாக்டரான கணவன் தன் ஆராய்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு அவளைக் கவனிக்கத் தொடங்குகிறான். அவளால் அதைத் தாங்க முடியவில்லை. வீட்டைவிட்டு வெளியேறிவிடுகிறாள். பிறகு அவன் பார்வையிழந்ததும், தான் யாரென்று சொல்லாமல் செவிலியாகத் திரும்பி வந்து அவனைக் கவனிக்கிறாள். நம் அம்மாக்கள் அழுதழுது பார்த்த படம் இது. நோயுற்ற பெண் கவனிக்கப்படுவது ஒரு குற்றம், நோயுற்ற ஆணைக் கவனிப்பது அவளுடைய மீட்சி என்ற பாடத்தை அந்த அழுகையோடு சேர்த்தே அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தொந்தரவு கொடுப்பதாக அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறையாவது வருத்தப்படும்போது அந்தப் படம்தான் என் நினைவுக்கு வருகிறது.

அடைப்பு நோய்க்கு இத்தகைய அலங்காரம் எதுவும் கிடைக்கவில்லை. அது இளையவரைக் கொல்வதில்லை. முதியவரை ஆண்டுக்கணக்கில் தேய்க்கிறது. உச்சக்காட்சி என்று ஒன்று இல்லை. மோசமாகும், கொஞ்சம் தெளியும், மறுபடி மோசமாகும். ஒவ்வொரு முறையும் தெளிவது முன்பிருந்த படியைவிட ஒரு படி கீழே. நான் வாசித்த வரையில், சமைத்துச் சமைத்து மூச்சிழந்த ஒரு கிழவியை நடுவில் வைத்த தமிழ்க் கதை எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் பேச்சுத் தமிழில் இந்த நோய் இருக்கிறது. இரைப்பு, ஈளை, மூச்சுமுட்டு, இப்போது வீசிங். எனக்கு முக்கியமாகப் படுவது ‘இளைப்பு’ என்ற சொல். மூச்சு இரைப்பதற்கும் உடல் மெலிவதற்கும் களைத்துப்போவதற்கும் ஒரே சொல். முற்றிய நிலையில் நோயாளிகள் பலர் எடை குறைந்து எலும்பாகிவிடுவதற்குக் காரணம் உண்டு. மூச்சுவிடும் தசைகளே உணவின் ஆற்றலில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. சாப்பிடுவதற்கே மூச்சு போதவில்லை. எங்கள் ஊர்ப் பாட்டிகள் மூன்றையும் ஒரே சொல்லில் வைத்தது தற்செயலாக இருக்காது.

இன்னொன்று: நாம் ‘மூச்சு வாங்குகிறது’ என்கிறோம். இந்த நோயில் முதல் சிக்கல் மூச்சு வாங்குவதைவிட விடுவதில்தான். குழாய்கள் சுருங்கி, காற்றறைகள் நைந்து, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தங்கிவிடுகிறது. பழைய காற்று இடத்தை அடைத்துக்கொண்டிருக்க, புதுக் காற்றுக்கு இடமில்லை. அதனால்தான் உதட்டைக் குவித்து மெல்ல நீளமாக ஊதச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இயன்முறை மருத்துவர் முதல்முறை ஊதிக் காட்டியபோது அம்மா உடனே பிடித்துக்கொண்டார். “இது ஊதாங்குழல்ல ஊதறதுதானே கண்ணு” என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஈர விறகோடு மல்லுக்கட்டி ஊதிய ஊதல் அது.

செல்லம்மாளின் கணவர்

கவனிப்பவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட சிறந்த கதையைச் சொல்லச் சொன்னால் பலரும் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மா’ளைத்தான் சொல்வார்கள். நானும் சொல்வேன். சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, ஓயாமல் நோயில் கிடக்கும் மனைவியைப் பார்த்துக்கொள்கிறார். கதை அவளுடைய மூச்சு அடங்கும் இடத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. சமைப்பது, வெந்நீர் வைப்பது, மருந்து கொடுப்பது, வேலைக்குப் போய்விட்டு இருட்டில் திரும்புவது எல்லாம் மிகையில்லாமல் வருகின்றன. கண்ணீரைப் பிழியாத அந்த நடைக்கு நான் இன்றும் மாணவி.

ஆயினும் கேட்க வேண்டியிருக்கிறது: பிரமநாயகம் பிள்ளையின் இடத்தில் ஒரு மகளையோ மருமகளையோ வைத்தால் இது கதையாகியிருக்குமா? ஓர் ஆண் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைப்பது நிகழ்ச்சி. அதே அடுப்பைப் பெண் மூட்டுவது வழக்கம். கதை நிகழ்ச்சியைத்தான் எடுத்துக்கொள்ளும், வழக்கத்தை விட்டுவிடும். புதுமைப்பித்தனைக் குறைசொல்ல இதைக் கூறவில்லை. அவர் பார்த்ததை எழுதினார். அவரே 1948-இல் காசநோயால் இறந்தார். அவர் மனைவி கமலா விருத்தாசலமும் கதை எழுதியவர். கணவர் கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலாகி, நாம் உருகி வாசிக்கிறோம். நோயுற்ற எழுத்தாளரின் குரல் நமக்கு முழுதாகக் கிடைத்திருக்கிறது. அந்தக் கடிதங்களைப் பிரித்து வாசித்த பக்கத்தின் குரல் அந்த அளவுக்கு நம் இலக்கிய வரலாற்றில் இடம்பெறவில்லை.

‘புகைப்பழக்கம்: இல்லை’

அடுத்த பிரதி, ஒரு மருத்துவச் சீட்டு. அம்மாவை முதல்முறை நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றபோது கேட்கப்பட்ட கேள்வி: “பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?” அம்மா வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டார். சீட்டில் ‘புகைப்பழக்கம்: இல்லை’ என்று பதிவானது. அடுத்து வந்த ஒவ்வொரு சீட்டிலும் அதே வரி நகலெடுக்கப்பட்டது.

ஸ்ரீமதுரைப் பக்கத்து வீடுகளின் சமையலறை தெரிந்தவர்களுக்கு அந்த வரியின் அபத்தம் புரியும். ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழை விடாது. குளிருக்கும் சாரலுக்கும் சன்னலைச் சாத்திவிடுவோம். காப்பிச் செடியின் கவாத்துக் குச்சியும் தேயிலை மிலாறும் விறகு. அடுப்புக்கு மேலே பரண். அதில் ஈர விறகு காயும். ஓட்டின் இடுக்கு வழியாகப் புகை வெளியேற வேண்டும். அந்த இடுக்குக்குக் கீழே ஒரு பெண் நாளுக்கு நான்கு மணி நேரம் நிற்பாள், குனிவாள், ஊதுவாள். ஆண் வெளியே ஒரு பீடி பிடித்தால் அது பழக்கம். பெண் உள்ளே இந்தப் புகையைப் பிடித்தால் அது சமையல்.

அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித் 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் அருகே கருவிகளை வைத்து அளந்தார். காற்று மாசு என்றால் நகரத்துத் தொழிற்சாலைப் புகை என்று உலகம் நினைத்திருந்த காலம் அது. தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவரது குழுவினரும் நம் கிராமத்து அடுப்படிகளை ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். அங்கிருந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, புகைபிடிக்காத 900 கிராமத்துப் பெண்களிடம் இந்த அடைப்பு நோயைத் தேடியது. வீட்டுக்குள் எரியும் விறகு, சாணம், கரி முதலானவற்றின் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

சிகரெட்டுக்கு மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு: நாளுக்கு எத்தனை பாக்கெட், எத்தனை ஆண்டு. அடுப்புக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. இந்திய ஆய்வாளர்கள் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். நாளுக்கு அடுப்பின் முன் எத்தனை மணி நேரம் என்பதை எத்தனை ஆண்டுகள் என்பதால் பெருக்க வேண்டும். என் அம்மாவுக்கு நான்கு பெருக்கல் முப்பத்தைந்து: 140. எந்தச் சீட்டிலும் இந்த எண் இல்லை. கேட்க ஒரு நிமிடம் போதும்.

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு 2007-இல் வந்தது. ஒன்றிய அரசின் உஜ்வலா திட்டம் 2016-இல் வந்தது. இவற்றின் அருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊரில் கேஸ் அடுப்பில் டீயும் விருந்தாளிக்கான காப்பியும். சோறும் குளிக்க வெந்நீரும் விறகில். சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் பெண்கள் விறகுக்குத் திரும்புகிறார்கள். எரிபொருளில் மிச்சம் பிடிப்பது அவர்களுடைய பொறுப்பாக இருக்கும்வரை, அவர்களின் நுரையீரலிலிருந்துதான் அந்த மிச்சம் வரும்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை இந்த இடத்திலிருந்து மறுபடி வாசித்தேன். அந்தச் சமையலறையின் சன்னலுக்கு வெளியே மலைகள் இருக்கின்றன. பார்வையைத் துணி காயும் கயிறுகள் மறைக்கின்றன. இதுவரை அந்தச் சன்னலைப் பெண்ணின் சிந்தனைக்கும் அதிகாரத்துக்குமான குறியீடாகவே வாசித்தோம், கற்பித்தோம். சரியான வாசிப்புதான். அதோடு, சன்னல் சன்னலாகவும் இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்று வந்துபோகும் ஒரு துளை. சமையலறையில் அது எங்கே, எவ்வளவு பெரிது என்பதை முடிவுசெய்தவர் அங்கே நின்று சமைத்தவர் இல்லை.

பி. எச். டேனியல் ஒரு மருத்துவர். தோட்டத் தொழிலாளரிடையே வேலை பார்த்தவர். 1969-இல் வெளியான அவருடைய ஆங்கில நாவல் ‘எரியும் பனிக்காடு’ என்று இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்து நோயும் சாவும் அங்கே சுரண்டலின் கணக்காக எழுதப்படுகின்றன. தோட்டம் வேலைத்தளம் என்பதால் அங்கு வரும் நோய் அரசியலாகிறது. அடுப்படியை யாரும் வேலைத்தளம் என்று ஒப்புக்கொள்ளாததால் அங்கு வரும் நோய் வயோதிகமாகிவிடுகிறது.

சுரங்கத்தில் பிறந்த அளவுகோல்

மூச்சுத்திணறலை அளக்க மருத்துவர்கள் ஒரு சிறு கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறார்கள். அதன் வேர் பிரிட்டனில், 1950களில், சார்லஸ் ஃபிளெட்சர் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே செய்த வேலையில் இருக்கிறது. ஐந்து படிகள். கடும் உழைப்பில் மட்டும் மூச்சிரைப்பு. சமதளத்தில் விரைந்தாலோ சிறு மேட்டில் ஏறினாலோ மூச்சிரைப்பு. சமதளத்தில் தன் வயதுக்காரரைவிட மெதுவாக நடப்பது. நூறு மீட்டர் நடந்ததும் நிற்பது. கடைசியாக, வீட்டைவிட்டு வெளியேற முடியாத, உடை மாற்றினாலே இரைக்கிற நிலை.

பயனுள்ள அளவுகோல், எளிமையானது. ஆனால் ஸ்ரீமதுரைப் பெண்ணிடம் அது திக்குகிறது. சமதளம் என்றால் எங்களுக்கு வயல் மட்டும்தான். வயலுக்குப் போக இறங்க வேண்டும், வீட்டுக்கு வர ஏற வேண்டும். தன் வயதுக்காரரோடு சேர்ந்து நடக்கும் பழக்கம் அம்மாவுக்கு எப்போது இருந்தது? நோய் தொடங்கிய காலத்தில் அவர் செய்தது, வெளியே போவதைக் குறைத்துக்கொண்டது. கோயில் நின்றது, கல்யாணங்கள் நின்றன. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்ணை யாரும் நோயாளியென்று சந்தேகிப்பதில்லை; அடக்கமானவர் என்று நினைக்கிறார்கள். அந்த நற்பெயருக்குள் நோய் நான்கு படிகளைத் தாண்டிவிட்டது.

கேள்வித்தாளை அம்மாக்கள் எழுதியிருந்தால் வேறு படிகள் இருந்திருக்கும். குடத்தை இடுப்பில் ஏற்றினால் இரைக்கிறதா? மாவாட்டும்போது நிறுத்த வேண்டியிருக்கிறதா? குனிந்து அடுப்பை ஊத முடிகிறதா? தலைக்குக் குளித்த பிறகு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்? புடவைக் கொசுவத்தை ஒரே மூச்சில் செருக முடிகிறதா? ஒருநாள் அம்மா தன் புடவைகளையெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு நைட்டிக்கு மாறினார். அந்த நாளைத்தான் ஐந்தாம் படியின் தொடக்கமாக நான் குறித்துக்கொண்டேன்.

பதினைந்து மணி நேரம்

வீட்டு ஆக்சிஜன் சிகிச்சையின் அடித்தளங்களில் ஒன்று, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1981-இல் வெளியிட்ட ஆய்வு. 87 நோயாளிகள்: ஆண்கள் 66, பெண்கள் 21. இரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்தவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் கொடுத்தார்கள். ஐந்தாண்டு முடிவில், பெற்ற 42 பேரில் 19 பேர் இறந்திருந்தார்கள். பெறாத 45 பேரில் 30 பேர். எண்கள் தெளிவாகப் பேசுகின்றன. அம்மாவின் கட்டிலருகே கான்சன்ட்ரேட்டர் ஓடுவதற்கு இந்த எண்கள்தான் காரணம்.

இந்தப் பதினைந்து மணி நேரத்துக்குள் இன்னொருவரின் மணி நேரங்கள் ஒளிந்திருக்கின்றன. ஈரப்பதக் குப்பியில் தண்ணீர் மாற்ற வேண்டும், வடிகட்டியைத் தட்டிக் கழுவ வேண்டும், காதுக்குப் பின்னால் குழாய் அறுத்த இடத்தில் பஞ்சு வைக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்பளிக்கவைக்க வேண்டும், மறந்தால் வாய்ப்புண். விரலில் மாட்டும் கருவியில் 88-க்கும் 92-க்கும் இடையே எண் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தால் பயம், பதற்றத்தில் ஆக்சிஜனை அளவுக்கு மீறித் திருகினாலும் ஆபத்து, இந்த நோயாளிகளில் சிலருக்குக் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். ஆக்சிஜன் ஓடும் அறையில் தீ கூடாது. ஆகவே அடுப்பையே வாழ்க்கையாகக் கொண்டிருந்தவர் இப்போது அடுப்பின் பக்கம் போகக்கூடாது. அம்மாவுக்குச் சோறு யார் பொங்குவது என்ற கேள்வி ஆய்வுக்கட்டுரையில் இல்லை.

கான்சன்ட்ரேட்டர் மின்சாரத்தில் ஓடுவது. ஐந்து லிட்டர் இயந்திரத்துக்குச் சுமார் 350 வாட். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் எங்கள் இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கும். எங்களுக்கு மின் இணைப்பாவது இருக்கிறது. கூடலூர் ஜன்ம நிலங்களை ஒழிக்கும் சட்டம் 1969-இல் வந்தது. அதன் 17-ஆம் பிரிவின் கீழ் தீர்வு காணாமல் கிடக்கும் நிலங்களில் வீடு கட்டி வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குப் பட்டாவும் மின் இணைப்பும் பல்லாண்டுகள் மறுக்கப்பட்டு வந்திருக்கின்றன. அந்த வீடுகளிலும் விறகடுப்பு உண்டு. இருமும் கிழவிகள் உண்டு. அவர்களுக்கு மருத்துவர் ஆக்சிஜன் எழுதிக்கொடுத்தால் அந்தச் சீட்டை எந்தச் சுவரில் செருகுவது?

பெரிய மருத்துவமனைக்குப் போவதென்றாலும் எங்கள் புவியியல் வேறு. ஸ்ரீமதுரை சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவைக்கு இறங்க, முதலில் 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டிக்கு ஏற வேண்டும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறையக் கால் பங்கு குறைவு. மூச்சில்லாதவரைக் காற்று மெலிந்த இடத்தின் வழியாகக் கொண்டுபோவதா என்று யோசித்துத்தான் பலரும் சுல்தான் பத்தேரிக்கோ, நாடுகாணி வழியாகக் கேரளத்துக்கோ வண்டியைத் திருப்புகிறார்கள்.

கேரளத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் ஊர்தோறும் பரவியது. 2008-இல் மாநிலத்துக்கே தணிப்பு மருத்துவக் கொள்கை வந்தது. தணிப்பு மருத்துவம் என்றால் புற்றுநோயின் கடைசி வாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முற்றிய நுரையீரல் நோய்க்கும் அது உரியது. முன்னால் தலையணை வைத்துக் குனிந்து உட்காரும் முறை, முகத்துக்கு நேராக விசிறுவது, பயம் வரும்போது எப்படிப் பேசுவது, சிலருக்கு மருத்துவர் மேற்பார்வையில் மிகக் குறைந்த அளவு மார்ஃபின், இனி எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளியிடமே கேட்பது. கையால் முகத்தில் காற்று படவைப்பது திணறலைக் குறைக்கிறதென்று 2010-இல் பிரிட்டனில் ஒரு சிறு ஆய்வு காட்டியது. எங்கள் வீட்டுப் பனையோலை விசிறி அதற்குப் போதுமானதாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் தணிப்புச் சேவை உண்டு. வீட்டிலிருந்து பார்த்துக்கொள்பவர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

‘பார்த்துக்கொள்வது’ என்றால் என்ன

தமிழில் பராமரிப்புக்கு ‘பார்த்துக்கொள்வது’ என்கிறோம். அண்ணன் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். “அம்மாவை நல்லாப் பார்த்துக்கறார்” என்று ஊர் சொல்கிறது, பொய்யில்லை. நான் விடுப்பெடுத்து இரவு முழுதும் உட்கார்ந்திருந்தால், “பொண்ணுன்னா அப்படித்தான்” என்கிறது. ஒரே வினைச்சொல் ஆணுக்குச் சாதனையாகவும் பெண்ணுக்கு இயல்பாகவும் பொருள் தருகிறது. 

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. மகன், மகள், பேரன், பேத்தி எல்லோரையும் அது பொறுப்பாக்குகிறது. அதில் பராமரிப்பு என்பது உணவு, உடை, உறைவிடம், மருத்துவம். அதற்கான தொகைக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் உச்சவரம்பு. இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பதற்கு அந்தச் சட்டத்தில் சொல் இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அந்தச் சொல்லின் எண்ணையாவது தந்தது: வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் ஊதியமின்றிச் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97. குடும்பத்தாரைக் கவனிப்பதில் பெண்கள் 134, ஆண்கள் 76. ஒன்றிய அரசின் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்புக்கென 730 நாள் விடுப்பு உண்டு. வயதான தாய்க்கென்று அதுபோல ஒன்று இல்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை அம்மாவோடு இருப்பவர் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண். அம்மா அவரை ‘அக்கா பொண்ணு’ என்று கூப்பிடுகிறார். அவர் அம்மாவைப் ‘பெரியம்மா’ என்கிறார். உறவுமுறைச் சொற்களுக்கு நடுவே சம்பளம் என்ற சொல் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரியம்மாவின் வீட்டில் வார விடுமுறை கேட்பது எந்த மகளுக்கும் கடினம். ஆகவே சம்பளம், நேரம், விடுமுறை மூன்றையும் தாளில் எழுதி அவரிடமும் ஒரு பிரதி இருக்கிறது. அவர் எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பில் சமைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய் விறகடுப்பை ஊதுகிறார். அவர் மாமியாருக்கும் இருமல். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: இவருடைய எண் இப்போதே 60-ஐத் தாண்டிவிட்டது. ஆர்லி ஹாக்‌ஷில்ட் உலக அளவில் சொன்ன பராமரிப்புச் சங்கிலி நாடுகளைக் கடந்து போக வேண்டியதில்லை. என் வேலை அவர் தோளில் நிற்கிறது. அவர் வீட்டு வேலை, அவர் மகள் தோளில். அந்த மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். படித்த மகள்களின் சோர்வைப் பற்றி மட்டும் எழுதும் பெண்ணியம் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியோடு நின்றுவிடும்.

உந்தியிலிருந்து எழும் காற்று

எழுத்துகள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி ஒலியாகிறது. இலக்கணத்தின் தொடக்கத்தில் இருப்பது மூச்சு.

ஒரே மூச்சில் வாக்கியத்தை முடிக்க முடிகிறதா என்பது மருத்துவர்கள் கவனிக்கும் அறிகுறிகளில் ஒன்று. அம்மாவால் இப்போது முடிவதில்லை. இரண்டு சொல், ஒரு நிறுத்தம். பேச்சில் முதலில் உதிர்ந்தவை அடைமொழிகள். அப்புறம் உறவு விசாரிப்புகள், பழங்கதைகள். மிஞ்சியிருப்பவை வினைச்சொற்கள்: தா, எடு, திற, போதும், உட்காரு. கேட்பவர்கள் பொறுமையின்றி மீதி வாக்கியத்தைத் தாங்களே முடித்துவிடுகிறார்கள். மருத்துவர் என்னைப் பார்த்தே கேள்வி கேட்கிறார். நான் அம்மாவின் பக்கம் திரும்பிக் காத்திருக்கிறேன். பெரும்பாலும் பதில் வர அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைக் காப்பதும் பராமரிப்புதான். ஐ.சி.யு., வென்டிலேட்டர் பற்றிக் கேட்டபோதும் அப்படித்தான் காத்திருந்தோம். “குழாய்... வேண்டாம்” என்றார். பிறகு மூச்சு சேர்த்துக்கொண்டு, “வீட்ல... சன்னலோரம்.” அதை அப்படியே எழுதி, தேதியிட்டு, அவர் கையெழுத்தோடு மருத்துவரிடம் கொடுத்திருக்கிறேன். அண்ணனுக்கும் ஒரு நகல் அனுப்பினேன்.

நீலகிரிப் படுகர் வாழ்வை ‘குறிஞ்சித்தேன்’ நாவலாக்கியவர் ராஜம் கிருஷ்ணன். உப்பளத்துக்கும் கடற்கரைக்கும் வயலுக்கும் போய், உழைப்பவர்களிடம் கேட்டு எழுதினார். 2009-இல் அரசு அவர் படைப்புகளை நாட்டுடைமையாக்கியபோது அவர் உயிரோடிருந்தார். முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் பிறர் கவனிப்பில் கழிந்த இறுதிக்காலம் அது. 2014-இல் மறைந்தார். கேட்டு எழுதும் அவருடைய முறையை, நம் வீட்டு அடுப்படிக்கும் நோய்ப்படுக்கைக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது என் விருப்பம்.

இந்த ஆண்டு இளிவரல் பாடத்தோடு மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டில் மூத்த பெண் ஒருவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டு வர வேண்டும்: விறகடுப்பின் முன் நாளுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டு? அவர் பதில் சொல்லும்போது இடையில் பேசக்கூடாது. எங்கே மூச்சுக்காக நிறுத்தினார் என்பதையும் குறிக்க வேண்டும். முப்பத்திரண்டு பேர் எழுதி வந்தார்கள். எண்களைக் கரும்பலகையில் போட்டோம்: 75, 112, 48, 160, 90. ஒரு மாணவி தன் பாட்டியின் எண்ணை எழுதிவிட்டு, “அவங்களை யாருமே இதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதில்லை மேடம்” என்றாள். அடுத்த வாரம் அழைத்துப்போவதாகச் சொன்னாள். சீட்டில் ‘புகைப்பழக்கம்’ என்ற வரி வந்தால் இந்த எண்ணை எழுதச் சொல்லும்படி அவளிடம் கூறினேன். எண்ணைத் தன் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனாள்.